34 பக்க காமிக்ஸ், 50 பிரதி மட்டும் அச்சடிக்க வேண்டும். கட்டுப்படியாகும் வழி உண்டா?

மசிக்கறை எழுதியது:

வணக்கம். என் முதல் காமிக்ஸை ஒருவழியாக வரைந்து முடித்துவிட்டேன். மொத்தம் 34 பக்கம். முதல் பக்கம் தலைப்பு, அப்புறம் 32 பக்கம் கதை, கடைசியில் என்னைப் பற்றி ஒரு பக்கம். எல்லாம் கறுப்பு வெள்ளைதான், நடுவே ஒரு கனவுக் காட்சி மட்டும் நாலு பக்கம் கலரில் வருகிறது (தலைப்புப் பக்கத்தையும் சேர்த்து எண்ணினால் 14இலிருந்து 17 வரை). அமெரிக்க காமிக்ஸ் அளவில், அதாவது 6.625க்கு 10.25 அங்குலத்தில் வரைந்திருக்கிறேன்.

எனக்கு 50 பிரதி போதும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் தெரிந்த பதிப்பாளர் ஒருவர் தன் அரங்கில் ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், மீதியை இன்ஸ்டாகிராமில் கேட்பவர்களுக்குத் தபாலில் அனுப்பலாம், தீர்ந்துபோனால் இன்னும் 20, 30 அடித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். ஆனால் விசாரித்த டிஜிட்டல் அச்சகத்தில் ஒரு பிரதிக்கு 150 ரூபாய் என்கிறார்கள். அடக்கமே 150 என்றால் எவ்வளவுக்கு விற்பது? பெயர் தெரியாத ஆள் வரைந்த மெல்லிசுப் புத்தகத்துக்கு 300 ரூபாய் யார் கொடுப்பார்கள்? சிவகாசியில் கேட்டால் 500 பிரதிக்குக் கீழே பேச்சே இல்லை. ஆன்லைனில் பிரிண்ட் ஆன் டிமாண்ட் என்கிறார்களே, அது மலிவா? கலரை எடுத்துவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்த நாலு பக்கத்துக்காகத்தான் கதையையே எழுதினேன்.

---

டோனர்க்கா எழுதியது:

தம்பியா தங்கையா தெரியவில்லை, யாராக இருந்தாலும் வாழ்த்து. நான் ஒரு டிஜிட்டல் அச்சகத்தில் ஃபைல் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். கடை பெயர் வேண்டாம், விளம்பரம் ஆகிவிடும்.

அந்தக் கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. நீங்கள் கேட்டபடி அடித்தால் அவ்வளவுதான் வரும். கலரைக் கைவிடாமலே, கேட்கும் விதத்தை மாற்றினால் பாதிக்கும் கீழே கொண்டுவரலாம்.

முதலில் தாள் கணக்கு. டிஜிட்டல் மெஷினில் ஓடுவது பெரும்பாலும் 12க்கு 18 அங்குலத் தாள். உங்கள் புத்தகத்தை விரித்தால் 13.25க்கு 10.25. ஒரு தாளில் ஒரு விரிப்புதான் உட்காரும், மிச்சமெல்லாம் வெட்டிக் குப்பைக்குப் போகும். அதையே 5.5க்கு 8.5 ஆக்கினால் விரிப்பு 11க்கு 8.5. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விரிப்பு அதே தாளில் அடங்கும், ஓரத்தில் ப்ளீடுக்கும் (வெட்டுக்கோட்டைத் தாண்டிப் படத்தை நீட்டி அடிக்கும் விளிம்பு) இடம் இருக்கும். அச்சுச் செலவு அந்த இடத்திலேயே பாதியாகிறது. இதில் உங்கள் அதிர்ஷ்டம், இரண்டு அளவுக்கும் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றே. 83 சதவீதத்துக்குச் சுருக்கினால் போதும், எந்தக் கட்டத்தையும் வெட்ட வேண்டாம். (ஏ5 ஆக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். ஓரம் வரை படம் இருந்தால் ஏ5 இந்தத் தாளில் ப்ளீடோடு அடங்காது, 13க்கு 19 தாள் வேண்டும். அது எல்லாக் கடையிலும் இருக்காது.)

அடுத்து பக்க எண்ணிக்கை. சென்டர் பின் புத்தகம் (தாள்களை நடுவே மடித்துப் பின் அடிப்பது) நாலின் மடங்கில்தான் வரும். 34 பக்கம் என்றால் 36 அடிக்க வேண்டும், இரண்டு பக்கம் சும்மா வெள்ளையாகக் கிடக்கும். தலைப்பை முன்னட்டையின் உள்பக்கத்துக்கும் உங்களைப் பற்றிய பக்கத்தைப் பின்னட்டையின் உள்பக்கத்துக்கும் தள்ளிவிடுங்கள். உள்ளே சரியாக 32 பக்கம் கதை நிற்கும்.

இனி உங்கள் கனவு. பின் அடிக்கும் புத்தகத்தில் 13ஆம் பக்கமும் 20ஆம் பக்கமும் ஒரே தாளின் ஒரே முகத்தில் அடுத்தடுத்து இருக்கும், 14க்குத் துணை 19, 15க்கு 18, 16க்கு 17. தலைப்பை எடுத்துவிட்டால் உங்கள் கலர் பக்கங்கள் கதையில் 13 முதல் 16 வரை. எண்ணிப் பாருங்கள், நாலு பக்கக் கலருக்காக நாலு முகமும் கலரில் ஓட வேண்டியிருக்கிறது. மெஷின் ஒரு முகத்தில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தாலும் முழு முகத்துக்கும் கலர் கிளிக் (கலர் கட்டணம்) போட்டுவிடும். அதையே இரண்டு பக்கம் பின்னால் நகர்த்தி 15 முதல் 18 ஆக்கினால் நாலும் நட்டநடுத் தாளில் சேர்ந்துவிடும், இரண்டு முகம் மட்டும் கலர். இன்னொன்றும் கிடைக்கும்: 15 வலது பக்கம், அதைப் புரட்டினால் 16, 17 இரண்டும் ஒரே தாளில் பின் இருக்கும் இடத்தில் விரியும், நடுவே படம் துண்டாகாது. கனவுக்கு அதைவிட நல்ல இடம் எது?

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 12க்கு 18 தாளில் ஒரு முகம் கறுப்பு 4 ரூபாய், கலர் 15 ரூபாய் (தாளோடு சேர்த்து) என்று வைத்துக்கொள்வோம். இது உதாரணத்துக்குத்தான், உங்கள் கடை சொல்லும் விலையை அதில் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டபடி 36 பக்கம், பெரிய அளவு என்றால் கறுப்பு 14 முகத்துக்கு 56, கலர் 4 முகத்துக்கு 60, அட்டை 15, அட்டை லேமினேஷன், கிரீசிங் (மடிப்புக் கோடு அழுத்துவது), பின், கட்டிங் எல்லாம் சேர்த்து 16 என்று வைத்தால் 147. நான் சொல்லும் விதத்தில் ஒரு முகத்தில் இரண்டு விரிப்பு அடங்குவதால் கறுப்பு 7 முகத்துக்கு 28, கலர் 1 முகத்துக்கு 15, அட்டை வெளியே 7.50, உள்ளே கறுப்பில் 2, மற்ற வேலை 13. மொத்தம் 65.50. 50 பிரதிக்கு 3,300க்குள் முடிந்துவிடும்.

ஒன்று முக்கியம். கறுப்பு வெள்ளைப் பக்கங்களை கிரேஸ்கேலில்தான் (கறுப்பும் சாம்பலும் மட்டும் உள்ள ஃபைல்) கொடுக்க வேண்டும். பார்க்கக் கறுப்பாகத் தெரியும், ஃபைல் ஆர்ஜிபி என்ற கலர் அமைப்பில் இருக்கும், மெஷின் அதைக் கலர் என்றே எண்ணும், பில் வந்த பிறகுதான் சண்டை.

---

காகிதப்புலி எழுதியது:

அக்கா சொல்வது கடைக் கணக்கு, சரிதான். ஆனால் வரைந்தவனின் கண்ணோடு பார்த்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. பெரிய அளவுக்கென்று யோசித்துப் போட்ட கட்டங்களை 83 சதவீதத்துக்கு இறுக்கினால் மூச்சு முட்டும். 25 பிரதி பெரிய அளவில், நல்ல தாளில் அடித்து, கையெழுத்துப் போட்டு 300க்கு விற்கலாமே? வாங்குகிறவன் காமிக்ஸ் பைத்தியமாகத்தான் இருப்பான், கொடுப்பான்.

---

டோனர்க்கா எழுதியது:

@காகிதப்புலி கொடுப்பான், முதல் 10 பேர். உங்கள் நண்பர்கள் அவர்கள். புத்தகக் காட்சியில் வழியில் போகிறவர் கையில் எடுத்து, பின்னட்டையைத் திருப்பி விலையைப் பார்த்து, சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவதை நீங்களே அங்கே நின்று பாருங்கள். கட்டம் இறுகுமா இறுகாதா என்பதற்குத் தகராறே வேண்டாம். வீட்டு பிரிண்டரில் 83 சதவீதம் போட்டு, நெருக்கமான இரண்டு பக்கத்தை எடுத்து, வெட்டி மடித்துக் கையில் வைத்துப் படிக்கட்டும்.

---

ஆறுகலர் எழுதியது:

சிவகாசியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் 500 என்று சொன்னதற்குக் காரணம் திமிர் இல்லை. ஆஃப்செட்டில் (பிளேட் செய்து அடிக்கும் அச்சில்) பாதிச் செலவு முதல் நல்ல தாள் வெளியே வருவதற்கு முன்பே ஆகிவிடும்: பிளேட், மெஷின் ஏற்றுவது, கலர் ஒத்துவரும் வரைக்கும் வீணாகும் தாள். கலர் என்றால் ஒரு முகத்துக்கே நாலு பிளேட். 50 அடித்தாலும் 500 அடித்தாலும் அந்தச் செலவு மாறாது, பிரித்துக்கொள்ள ஆள் எண்ணிக்கைதான் வேண்டும். அதனால் உங்கள் 50க்கு இங்கே வராதீர்கள். நாளைக்கு நிஜமாகவே 500 பேர் கேட்கிறார்கள் என்றால் வாருங்கள், அப்போது டிஜிட்டல் பக்கமே போகக் கூடாது.

அப்படி வந்தாலும் ஜனவரிக்கு வேண்டியதை டிசம்பரில் தூக்கிக்கொண்டு வராதீர்கள். ஆடிப்பெருக்கில் காலண்டர் ஆல்பம் (அடுத்த வருஷ மாதிரிகளின் தொகுப்பு) வெளியானதிலிருந்து வருஷக் கடைசி வரைக்கும் இங்கே மெஷினெல்லாம் காலண்டருக்குத்தான். சின்ன வேலை வரிசையில் கடைசியில் நிற்கும்.

காமிக்ஸ் என்றதும் இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. முத்து காமிக்ஸ் 1972இலும் லயன் 1984இலும் தொடங்கியது எங்கள் ஊரிலிருந்துதான். முன்கூட்டியே சந்தா கட்டும் வாசகர்கள் அவர்களுக்குப் பெரிய பலம். எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது அச்சுக்குப் போகும் முன்பே ஓரளவு தெரிந்துவிடும். நீங்களும் இன்ஸ்டாகிராமில் நாலு பக்கத்தைப் போட்டு முன்பதிவு கேளுங்கள். பணம் கட்டியவர்களை மட்டும் எண்ணுங்கள், ‘சூப்பர் ப்ரோ’ போட்டவர்களை எண்ணாதீர்கள்.

---

வடவள்ளி_வரைகோல் எழுதியது:

ஆன்லைன் பிரிண்ட் ஆன் டிமாண்ட் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

இந்தியாவில் பெங்களூரின் போத்தி.காம், சென்னையின் நோஷன் பிரஸ் மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள். வாசகர் ஆர்டர் போட்டால் அடித்து அவர் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள், நீங்கள் கட்டிலுக்கடியில் அடுக்கி வைக்க வேண்டாம். 200 பக்க நாவலுக்கு அது அருமையான ஏற்பாடு. மெல்லிசு காமிக்ஸுக்குத்தான் இடிக்கிறது. இந்த மாதிரித் தளங்கள் பொதுவாகப் பெர்ஃபெக்ட் பைண்டிங்கை (முதுகில் பசை போட்டு ஒட்டுவதை) வைத்துத்தான் ஏற்பாடு செய்திருக்கின்றன, 32 பக்கத்துக்கு முதுகு என்று ஒன்று இருக்கவே இருக்காது, பசை போட்டால் நடுவே விரியவும் விரியாது. அக்கா சொன்ன நடுத்தாள் வித்தையெல்லாம் அங்கே நடக்காது. கலர் என்றால் பல இடங்களில் முழுப் புத்தகத்துக்கும் கலர் விலைதான். தளம் தன் பங்கை எடுத்துக்கொண்டு, அப்புறம் கூரியர் சேர்ந்தால், வாசகர் கையில் 65 ரூபாய்ச் சரக்கு 200ஐத் தாண்டிப் போய்ச் சேரும்.

அமேசானின் சுயபதிப்புத் தளமான கேடிபியையும் நம்பாதீர்கள். அங்கே தமிழுக்கு மின்னூல் வசதி உண்டு, அச்சுப் புத்தகத்துக்குத் தமிழ் இல்லை. கிண்டிலில் வேண்டுமானால் போடுங்கள், அது தனிக் கதை.

வெளிநாட்டு வாசகர்களுக்கு மட்டும் இந்த வழியை வைத்துக்கொள்ளலாம். டொராண்டோவில் ஒருவர் கேட்கிறார் என்றால் இங்கிருந்து ஒற்றைப் புத்தகத்தை அனுப்பும் தபால் செலவு புத்தக விலையை விழுங்கிவிடும். லூலு என்ற வெளிநாட்டுத் தளத்தில் காமிக்ஸ் என்றே ஒரு அளவு இருக்கிறது, நீங்கள் வரைந்த அதே அளவுதான், பின் அடித்தும் தருகிறார்கள். அமெரிக்காவில் கா-பிளாம் என்று காமிக்ஸுக்காகவே நடத்தும் அச்சகமும் உண்டு. ஃபைலை ஏற்றி வைத்துவிடுங்கள், கேட்கிறவர் அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும். அதனால் பெரிய அளவு ஃபைலை அழித்துவிட வேண்டாம். காகிதப்புலிக்கும் சந்தோஷம்.

---

கொம்புச்சுழி எழுதியது:

எல்லோரும் தாளைப் பற்றிப் பேசுகிறீர்கள், எழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 83 சதவீதத்துக்குச் சுருக்கினால் 9 பாயிண்ட் எழுத்து 7.5 ஆகிவிடும். ஆங்கிலம் தாங்கும், தமிழ் தாங்காது. ‘ணு’, ‘ஞ’, ‘றூ’ எல்லாவற்றிலும் சுழிக்குள் டோனர் அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடும், அதுவும் மேப்லித்தோவில் (பளபளப்பில்லாத தாள்). சுருக்கிய பிறகு 8.5க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அதனால் படத்தைச் சுருக்குங்கள், எழுத்தைச் சுருக்காதீர்கள். பலூனில் இடம் இல்லையென்றால் வசனத்தை வெட்டுங்கள், முதல் காமிக்ஸில் எப்படியும் வசனம் அதிகமாகத்தான் இருக்கும்.

பழைய போட்டோஷாப்பில் எழுதியிருந்தால் கொம்பு, கால் எல்லாம் இடம் மாறி ‘கொ’ உடைந்து நிற்கலாம். டைப் அமைப்பில் வேர்ல்ட் ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இன்க்ஸ்கேப்பில் அந்தத் தொல்லையே இல்லை. எதில் செய்தாலும் கடைசியில் எழுத்தையெல்லாம் அவுட்லைனாக (ஃபான்ட் தேவைப்படாத வடிவமாக) மாற்றி பிடிஎஃப் கொடுங்கள், கடையின் கம்ப்யூட்டரில் உங்கள் ஃபான்ட் இருக்காது.

நிழலுக்குப் புள்ளி டோன் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் அதை அப்படியே சுருக்கினால் புடவைக் கட்டம் மாதிரி அலையலையாகத் தெரியும். அளவைச் சுருக்கிவிட்டு டோனை மறுபடி போட வேண்டும். கோடு மட்டும் என்றால் பயமில்லை, 600 டிபிஐ இருந்தால் போதும்.

---

மசிக்கறை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. (தங்கைதான் அக்கா.) வீட்டில் 83 சதவீதத்தில் எடுத்துப் பார்த்தேன். படம் நன்றாகவே இருக்கிறது, கோடுகள் இன்னும் கூர்மையாகக்கூடத் தெரிகின்றன. எழுத்துதான் கொம்புச்சுழி சொன்ன மாதிரி, அம்மாவிடம் கொடுத்தேன், கண்ணாடியைத் தேடப் போய்விட்டார். பலூன்களை மறுபடி போடுகிறேன். டோன் போட்டிருக்கிறேன், அதையும் செய்ய வேண்டும்.

கனவை இரண்டு பக்கம் தள்ள முடியுமா என்று இரண்டு நாளாக உருட்டுகிறேன். அதற்கு முன்னால் இரண்டு பக்கம் சேர்க்கலாம், ரயில் காட்சிக்கு இடம் போதாமல்தான் இருந்தது. பின்னால் எதைக் குறைப்பது என்பதில்தான் சிக்கல், முடிவைக் குறுக்க மனம் வரவில்லை. அப்புறம் அட்டை முழுக்கக் கறுப்பு, நடுவில் சின்னதாக ஒரு ஜன்னல் மட்டும் மஞ்சளில். அது டிஜிட்டலில் நன்றாக வருமா? உள்தாள் ஆர்ட் பேப்பரா மேப்லித்தோவா? தபால் எவ்வளவு ஆகும்?

---

டோனர்க்கா எழுதியது:

முடிவைக் குறுக்காதே தங்கச்சி. தள்ள முடியவில்லை என்றால் இன்னொரு வழி. கனவு 13 முதல் 16 வரையே இருக்கட்டும். நாலு முகத்துக்கும் கலர் காசு கொடுத்தாகிவிட்டது, அப்போது 17, 18, 19, 20 நாலு பக்கமும் கூடுதல் செலவில்லாமல் கலரில் வரும். சின்ன அளவில் அது ஒரு பிரதிக்கு 11 ரூபாய்தான் கூட்டும். கனவிலிருந்து விழித்த பிறகும் கலர் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே போய் 20ஆம் பக்கத்தில் சாம்பலாகிறது என்று வைத்தால்? கதை உன்னுடையது, யோசித்துப் பார்.

கறுப்பு அட்டைக்கு இரண்டு ஆபத்து. டோனர் தாளுக்கு மேலேதான் உட்காரும், மையைப் போல உள்ளே இறங்காது. மடிக்கிற இடத்தில் தோல் உரிந்து வெள்ளைக் கோடு தெரியும். கட்டாயம் மேட் லேமினேஷன் போட்டு, கிரீசிங் அடித்த பிறகு மடிக்கச் சொல். 250 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) மேல் போகாதே, 300 போட்டால் மெல்லிசுப் புத்தகத்தில் அட்டை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பெரிய கறுப்புப் பரப்பில் பட்டை பட்டையாகவும் விழலாம், அதற்கு ஃபைலிலேயே கறுப்பின் மேல் லேசாகப் புள்ளிச் சொரசொரப்பு சேர்த்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

உள்தாள் மேப்லித்தோ 80 அல்லது 90. ஆர்ட் பேப்பரில் கறுப்பு வெள்ளைக் கோடு பளபளவென்று கண்ணாடி மாதிரி அடிக்கும், விளக்கு வெளிச்சத்தில் படிக்க முடியாது. கலர் நடுத்தாளை மட்டும் 100 ஜிஎஸ்எம் மேட் ஆர்ட்டில் போடலாம், அது தனித் தாள் என்பதால் சிரமமே இல்லை. ஆனால் நீ 13லேயே கலரை வைத்தால் இரண்டு தாள் மாறும், அதையும் கணக்கில் வை.

50ஐயும் ஒரே மூச்சில் அடிக்காதே. ஒரே ஒரு பிரதியைக் கட்டிங் வரை முடித்துக் கொடுக்கச் சொல், டம்மிக்குத் தனிக் காசு கேட்டாலும் கொடு. பக்க எண்ணைத் தாள் ஓரத்துக்கு மிக அருகில் வைக்காதே. மடித்த தாளில் உள்தாள் கொஞ்சம் வெளியே தள்ளும், கட்டிங்கில் நடுப்பக்கங்களின் ஓரம்தான் அதிகமாகப் போகும்.

---

ஆறுகலர் எழுதியது:

தபாலுக்கு: பதிவு புக் போஸ்ட் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 மே முதல் ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்திருக்கிறது, 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், தரைவழிதான், கண்காணிப்பு எண் உண்டு. உங்கள் புத்தகம் 60 கிராம் அளவுதான் வரும், உறையோடு தாராளமாக அடங்கும். ஆனால் விளம்பரம் உள்ளதை அதில் எடுக்க மாட்டார்கள், வெளியிட்டவர் அல்லது அச்சிட்டவர் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும். அட்டையின் உள்பக்கத்தில் தலைப்போடு அதையும் ஒரு வரி போட்டுவிடுங்கள். காமிக்ஸை இதில் எடுத்துக்கொள்வார்களா என்று உங்கள் தபால் நிலையத்தில் ஒரு பிரதியைக் காட்டி முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

விலை 120 வையுங்கள். பதிப்பாளர் அரங்கிலோ கடையிலோ வைத்தால் 35, 40 சதவீதம் கழிவு கேட்பார்கள், 40 போனாலும் 72 கைக்கு வரும், அடக்கம் 65.50 என்றால் கையைக் கடிக்காது. கலர் கூடி அடக்கம் 76.50 ஆனால் 35க்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். நேரில் விற்றால் முழுசும் உங்களுக்கு. 100 என்று வைத்தால் கடையில் விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் நீங்கள் கையிலிருந்து போடுவீர்கள்.

---

மசிக்கறை எழுதியது:

வெளுத்துக்கொண்டே போகும் கலர்! அக்கா, அதுதான் செய்யப்போகிறேன், ரயில் காட்சி அப்படியே இருக்கட்டும். இன்றைக்கு 17ஐ எடுத்து முயன்று பார்த்தேன், வருகிறது. டம்மிக்கு அடுத்த வாரம் கொடுக்கிறேன். காகிதப்புலி, உங்களுக்குப் பெரிய அளவில் ஒன்றே ஒன்று தனியாக அடித்துத் தரட்டுமா? 143 ரூபாய் அனுப்புங்கள்.

---

காகிதப்புலி எழுதியது:

அனுப்பிவிட்டேன். கையெழுத்தும் வேண்டும்.